பூஜைக்கு ஒன்று, ஆட ஒன்று

நானும் என் நாத்தனாரும் கும்மிடிப்பூண்டி பஜாரில் வீடியோ கேம் கடை வைத்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே வீடியோ கேம் ஆடத் தெரியாது. அதற்கு முன்பு அது செல்போன் கவர் விற்கிற கடையாக இருந்தது. கவர் வாங்க வருகிறவர்கள் எல்லாம் "ஜாய்ஸ்டிக் இருக்குதா?" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். ஒருநாள் நாத்தனார், "அண்ணி, ஜனம் இன்னா கேக்குதோ அத்தத்தான் விக்கணும். நம்ம இன்னா செல்போன் கவரு போட்டுக்கினா திரியறோம்?" என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

அவள் அதற்கு முன்னால் திருவள்ளூரில் ஒரு சேலைக் கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தவள். மணவாள நகரிலிருந்து பட்டுச்சேலை எடுக்க வந்த ஒரு குடும்பத்தை, ஆறு மணி நேரம் உட்காரவைத்து, கடைசியில் பட்டுச்சேலையோடு ஒரு டஜன் துண்டும் தலையில் கட்டி அனுப்பியவள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். அந்தக் கடையில் அவள் கற்றுக்கொண்ட ஒரே பாடம், லீவு வந்தால் வியாபாரம் வரும் என்பது. நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் எட்டு வருடம் இருந்தவள். எனக்குத் தெரிந்த பாடம், எதையும் மூன்று தடவை திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது. இப்படியாக, விற்கத் தெரிந்த ஒருத்தியும் சந்தேகப்படத் தெரிந்த ஒருத்தியும் சேர்ந்து, எப்படி ஆடுவது என்று தெரியாத சாமானை விற்க உட்கார்ந்தோம்.

முதலில் வந்த லீவு சுதந்திர தினம். நாத்தனார் வீட்டிலேயே மூன்று வண்ண பலூன் ஊதிக் கட்டினாள். மூன்று வண்ணக் கோலப்பொடி எடுத்துக்கொண்டாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு டப்பா ஆரஞ்சு மிட்டாய் வாங்கினாள். லீவு நாளில் லோக்கல் ரயில் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில்தான் ஓடும் என்பதை மட்டும் மறந்துவிட்டோம். எங்கள் வீடு இருக்கிற மீஞ்சூரில், ஸ்டேஷனில் ரயிலுக்காகப் பலூனைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்ற நேரத்தில் அதில் பாதி சுருங்கிவிட்டது. ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து, "எந்தக் கட்சிம்மா?" என்று கேட்டார்.

கடைக்கு அன்றைக்கு மொத்தம் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சட்டையில் குத்துகிற கொடி கேட்டார். இன்னொருவர் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்றார். மூன்றாவதாக வந்தவர், வாசலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நின்ற தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்துப்போக வந்தவர். நாத்தனார் விடவில்லை.

"சார், இன்னிக்கு லீவுதானே? பாப்பா ஆடட்டுமே."

"லீவுன்றதாலதாம்மா வேணாம்," என்றார் அவர். "ஊட்ல இருக்கறது ஒரு டிவி. நான் ஊட்ல கீற நாள்ல இது அதுல கார் ஓட்டிக்கினு இருந்தா, நான் எத்தப் பாக்கறது? செவுத்தயா?"

அவர் போனதும் நாத்தனார் மிட்டாய் டப்பாவை மூடிவைத்தாள். சேலைக்கு டிவி தேவையில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. லீவு நாளில் சிறப்பு நிகழ்ச்சிகளும் புதுப்படமும் நாங்களும் ஒரே டிவிக்குத்தான் சண்டை போடுகிறோம். விநாயகர் சதுர்த்திக்கும் அதே கதைதான். வந்த நாலு பேரும் கொழுக்கட்டை கொடுத்துவிட்டுப் போனார்கள். மிட்டாய் டப்பாவை நாங்களே தின்று தீர்த்தோம்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு கிரேன் ஆபரேட்டர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பெரிய மீசை. இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டுகிறார். கம்பெனி யூனிஃபார்மோடு, ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார். கடைக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்தி, ஏதோ மருந்துக் கடையில் கேட்கக்கூடாததைக் கேட்பவர் போல, "தங்கச்சி, அந்தக் கேம் பெட்டி ஒண்ணு வேணும்," என்றார்.

"பசங்களுக்காண்ணா?" என்றேன்.

"பசங்கல்லாம் பெருசாயி பெங்களூர்ல கீறாங்க."

"அப்போ பேரப் பிள்ளைக்கா?"

அவர் மீசையைத் தடவினார். "கம்பெனில புதுசா ரிமோட் கிரேன் வந்துகீது. இதே மாதிரி ரெண்டு குச்சி வச்சி ஆட்டறது. கை பழகணும் இல்ல? ஊட்லயும் அப்படித்தான் சொல்லிகீறேன்."

நாத்தனார் ஒரு கணம்கூடத் தாமதிக்காமல், "ஆமாண்ணா, இது கிரேனுக்கு ரொம்ப நல்லது," என்றாள். எனக்கு வாய் திறந்ததுதான் மிச்சம். அவருக்குக் கார் பந்தயம் ஒன்றும் பந்து விளையாட்டு ஒன்றும் சேர்த்துக் கட்டிக்கொடுத்தோம். கிரேன் எதிலும் இல்லை.

அடுத்த நாள் அதே கம்பெனியிலிருந்து ஒரு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வந்தார். "எனக்கும் ஃபோர்க்லிஃப்ட்டுக்குக் கை பழகணும்," என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வெல்டர் வந்தார். வெல்டிங்கிற்கு எந்தக் குச்சியையும் ஆட்ட வேண்டாமே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர், "கண்ணுக்கும் கைக்கும் ஒரு இது வேணும்மா," என்று முந்திக்கொண்டார். அந்தியில் அதே கம்பெனி கேன்டீன் மாஸ்டர் வந்தார். பரோட்டா மாவு பிசைந்து பிசைந்து விரல் மரத்துப்போகிறதாம். கிரேன் ஆபரேட்டர் கண்டுபிடித்த காரணம் அந்தக் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது என்று தெரிந்தது. நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பட்டுச்சேலைக் கடையின் பழைய பெருமை அப்படியே திரும்பி வந்திருந்தது.

"பாத்தியா அண்ணி? லீவுக்கு முந்தின நாள்! லீவு அன்னிக்கி இல்ல. நான்தான் தப்பா புரிஞ்சிக்கினு இருந்தேன்."

அன்று சாயங்காலமே கடைக்குப் பூஜை போட்டோம். ஷட்டருக்கு, கரண்ட் மீட்டருக்கு, கால்குலேட்டருக்கு, கத்தரிக்கோலுக்கு, நாற்காலிகளுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டினோம்.

ஆயுத பூஜை அன்று சும்மா மத்தியானம் வரைக்கும் திறந்து வைக்கலாம் என்று வந்தோம். பத்து மணிக்குப் போன் அடித்தது. கிரேன் ஆபரேட்டர்.

"தங்கச்சி, ஒரு சந்தேகம். பூஜை போட்ட பொருள எப்பத் தொட்லாம்?"

"நாளைக்குக் காலையிலதாண்ணா. புனர்பூஜை பண்ணிட்டு எடுக்கறது."

"நடுவுல தொட்டா?"

"தொடக்கூடாதுன்னுதான் சொல்லுவாங்க. ஏன், இன்னாத்தத் தொடணும்?"

அவர் பெருமூச்சு விட்டது போனிலேயே காற்றாக வந்தது. நடந்தது இதுதான். ஷிப்ட் ஷிப்டாக வேலை பார்க்கிற மனிதருக்கு முழுசாகக் கிடைத்த ஒருநாள் லீவு. காலையில் குளித்துவிட்டு, நாஷ்டா முடித்து, டிவி முன்னால் பாய் போட்டு உட்காரலாம் என்று வந்தால், கேம் பெட்டியைக் காணவில்லை. பூஜை இடத்தில் அவருடைய ஹெல்மெட், கை உறை, ஸ்பேனர், மகன் படித்த பழைய புத்தகம், அரிவாள்மணை இவற்றுக்கு நடுவில், மாலை போட்டு, மூன்று பட்டை விபூதியும் நடுவில் குங்குமமுமாகப் பெட்டியின் மேல் ஜாய்ஸ்டிக் வீற்றிருக்கிறது. அவர் மனைவி விடியற்காலையிலேயே பூஜையை முடித்துவிட்டார்.

"நீதானே சொன்ன, அது கிரேன் வேலைக்கின்னு? அப்ப அதுதான உன் ஆயுதம்?" என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். ஆயுதம் இல்லை, விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் பூஜையிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் வீட்டிலிருந்தே எடுக்க வேண்டி வரும்.

நான் போனைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நாத்தனார் சிரிக்கவில்லை. போனைப் பிடுங்கி, "அண்ணா, கடைக்கு வாங்க. இங்க ரெண்டு டெமோ பெட்டி கீது. அதுக்குப் பூஜை போடல," என்றாள்.

அரை மணி நேரத்தில் அவர் வந்தார். கையில் ஒரு சாப்பாட்டுப் பை. கம்பெனியில் ஏதோ அவசர வேலை என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவர் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை, ஃபோர்க்லிஃப்ட்காரர் வந்தார். "எங்க அம்மா அத்த குத்துவிளக்குப் பக்கத்துல வச்சிட்டாங்க," என்றார். பிறகு வெல்டர். கடைசியாகக் கேன்டீன் மாஸ்டர். அவர் வீட்டில் ஜாய்ஸ்டிக்கையும் மாவு பிசைகிற தாம்பாளத்தையும் ஒரே மாலையால் சேர்த்துக் கட்டிவிட்டார்களாம். நாலு பேரும், தங்களுக்குச் சொந்தமானதைத் தொட முடியாமல், எங்கள் கடையில் முறை வைத்து ஆடினார்கள். அவ்வளவு பெரிய மனிதர்கள், கார் வளையும்போது உடம்பையும் சேர்த்து வளைத்தார்கள். வெல்டர் ஒரு வளைவில் நாற்காலியோடு சாய்ந்து வாழைக்கன்றின் மேல் விழுந்தார்.

அப்போதுதான் நாத்தனாருக்கு அந்த யோசனை வந்தது. ஒரு அட்டையை எடுத்து, பெரிய எழுத்தில் "பூஜைக்கு ஒன்று, ஆட ஒன்று" என்று எழுதி, கண்ணாடியில் ஒட்டினாள்.

"அண்ணா, உங்களுக்கு இருக்கறது ஒரு ஜாய்ஸ்டிக். அது சாமிகிட்ட கீது. இருக்கட்டும். இன்னொண்ணு தனியா வாங்கி வச்சிக்கினா, எந்தப் பண்டிகை வந்தாலும் பேஜாரு இல்ல பாருங்க."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதில் மறுப்பதற்கு எதுவும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. பெட்டியும் பூஜையில்தானே இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு எதில் ஆடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் என் காலை மிதித்தாள். நாலு பேரும் ஆளுக்கு ஒன்று வாங்கினார்கள். கிரேன் ஆபரேட்டர் தன்னுடையதைச் சாப்பாட்டுப் பைக்குள், டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது ஒரு அம்மா. கையில் எவர்சில்வர் தூக்கு, இன்னொரு கையில் சந்தனக் கிண்ணம். நல்ல உயரம், கழுத்தை நிமிர்த்தி நடக்கிற ஆள். உள்ளே வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. காரணம், கடைசிச் சுற்று.

"கம்பெனி வேல எப்டிப் போய்க்கினு கீது?" என்றார் அந்தம்மா.

கார் மரத்தில் மோதியது. கேன்டீன் மாஸ்டர் கண்ணாடிப் பெட்டியில் ஏதோ விலை பார்க்கிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல, இது... பழகறதுக்கு..." என்றார் கிரேன் ஆபரேட்டர்.

சண்டை வரும் என்று நான் கால்குலேட்டரை எடுத்து ஓரமாக வைத்தேன். அந்தம்மா சண்டை போடவில்லை. தூக்கை மேஜை மேல் வைத்து, "பொரி கடல கொண்டாந்தேன், எல்லாரும் துன்னுங்க," என்றார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தார். ஷட்டரைப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சிகீற. பொழைப்பு நடக்கறது எதுல?" என்று நாத்தனாரைக் கேட்டார்.

"கேம்லதாங்க்கா."

"அப்ப அந்தக் கட்டைக்கு ஏன் பொட்டு இல்ல?"

நாத்தனார் எத்தனையோ பேரைப் பேசியே மடக்கியவள். அன்றைக்கு அவள் தூக்கைத் திறந்து பொரி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்தம்மா நேராகப் போய், கணவர் கையில் இருந்த ஜாய்ஸ்டிக்கை வாங்கி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கண்ணில் ஒற்றி, மேஜை மேல் வைத்தார். வெல்டர் கையில் இருந்த இன்னொன்றும் அப்படியே போயிற்று. ஃபோர்க்லிஃப்ட்காரர் தன் புது ஜாய்ஸ்டிக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அந்தம்மா ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் நீட்டினார். அவரும் கொடுத்துவிட்டார். பிறகு கண்ணாடிப் பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் டப்பாவோடு டப்பாவாகப் பொட்டு. கடைசியில் சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் டப்பாவைத் தூக்கி, அடியில் இருந்ததையும் எடுத்து, அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே குங்குமம் வைத்தார்.

"நாளைக்குக் காலைல எடுத்துக்கோங்க," என்றார்.

நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து பொரி தின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டிவியில் கார் மரத்தில் மோதியபடியே நின்றிருந்தது. அதை நகர்த்தக்கூட எங்களிடம் தொடக்கூடிய ஜாய்ஸ்டிக் ஒன்றுகூட இல்லை.

அடுத்த நாள் விஜயதசமி. ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கினால், வாசல் படியில் அந்தம்மா உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம். கணவர் காலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டாராம், கம்பெனிக்கு இன்று லீவு கிடையாதாம்.

"கத்துக்க வந்தேன் கண்ணு," என்றார். "இன்னிக்கு ஆரம்பிச்சா வித்தை தங்கும் இல்ல? அந்தாளு அதுல இன்னாதான் பண்றாருன்னு எனக்கும் தெரியணும்."

தட்டை நாத்தனாரிடம் நீட்டினார். நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் ஆன் செய்வதும் ஆஃப் செய்வதும்தான். ஆனால் வெற்றிலை பாக்கோடு வந்தவரிடம் எப்படிச் சொல்வது? நாத்தனார் பயபக்தியோடு தட்டை வாங்கிக்கொண்டு, டெமோ ஜாய்ஸ்டிக்கில் இருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்து, அந்தம்மா கையில் கொடுத்தாள்.

முதல் பந்தயம் தொடங்கியது. விசில் ஊதியதும் எல்லாக் கார்களும் பாய்ந்தன. அந்தம்மாவின் கார் நின்ற இடத்திலேயே நின்றது.

"போங்க்கா, போங்க!"

"எல்லாரும் போவட்டும் கண்ணு. ரோட்ல நெரிசலா கீது."

எல்லாரும் போன பிறகு மெல்லக் கிளம்பினார். இடது ஓரமாகவே போனார். பின்னால் ஒரு சுற்று முடித்துவிட்டு வந்த கார்களுக்கும் ஒதுங்கி வழிவிட்டார். திடீரென்று, "ஹாரன் எங்க கீது?" என்றார்.

எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் ஜாய்ஸ்டிக்கின் மேல் குனிந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தோம். ஒன்றில் கார் பின்னால் போனது. ஒன்றில் வெளிச்சம் அணைந்தது. ஒன்றில் எல்லாமே சீன எழுத்துக்கு மாறிவிட்டது. கடைசியில் இடது குச்சியை உள்ளே அமுக்கினால் 'பாம்' என்று அடித்தது. அந்தம்மா முகத்தில் வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. கால் மணி நேரம் ஹாரன் மட்டுமே அடித்தார். வளைவில் அடித்தார், மரத்தைப் பார்த்து அடித்தார், கைதட்டிய கூட்டத்தைப் பார்த்து அடித்தார். பக்கத்துச் செருப்புக் கடைக்காரர் லாரி வந்துவிட்டதோ என்று வெளியே வந்து பார்த்தார். பந்தயத்தில் அந்தம்மாதான் கடைசி. முடிந்ததும் அவர் கேட்டது, "எல்லாரும் பத்திரமா போய்ச் சேந்துட்டாங்களா?"

அந்தக் காலையில் நாங்களும் கற்றுக்கொண்டோம். கடை வைத்து அத்தனை நாளில் நான் முதல்முறையாக ஒரு வளைவைச் சரியாகத் திரும்பியது அன்றைக்குத்தான். நாத்தனார் எனக்கு முன்னால் ஓட்டினாள், ஆனால் ஒவ்வொரு முறையும் சுவரில் உரசிக்கொண்டே ஓட்டினாள்.

மூன்றரை மணிக்கு ஷிப்ட் முடிந்து கிரேன் ஆபரேட்டர் வந்தார். மனைவி இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நானும் காலைலேர்ந்து பாத்துக்கினு கீறேன்," என்றார் அந்தம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல கிரேனே இல்லியே."

அவர் செருப்பைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். "இல்லதான்," என்றார்.

"ஆசையா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் வேணாம்னா சொல்லப்போறேன்? அதுக்கு ஏன்யா கிரேனு, கம்பெனின்னு?"

"இந்த வயசுல ஆசைன்னு எப்டிச் சொல்றது?" என்றார் அவர். அந்த மீசையோடு அவர் அப்படிச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனாருக்கும் வரவில்லை. அந்தம்மா ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியைத் தட்டினார். அவர் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பந்தயம் ஓட்டினார்கள். அவர் ஜெயித்தார். அதற்காக அந்தம்மா அவரை முந்தவிட்டு ஹாரன் அடித்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த ஒரு வாரம் எங்களுக்கு வேறு மாதிரி வியாபாரம். ஜாய்ஸ்டிக்குகள் திரும்பி வந்தன. சந்தனம் காய்ந்து பொத்தானுக்குள் இறங்கி, கார் தானாக இடது பக்கமே திரும்புகிறது என்றார்கள். நாத்தனார் காது குடைகிற பஞ்சுக் குச்சியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தாள். கேன்டீன் மாஸ்டருடையதில் சந்தனத்தோடு மைதாவும் இருந்தது.

மறு வருடம் ஆயுத பூஜைக்கு அவள் ஜாய்ஸ்டிக்குகளை அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வரவழைத்தாள். பெரிய அட்டையும் எழுதி ஒட்டினாள். ஒன்றுகூடப் போகவில்லை. எல்லார் வீட்டிலும்தான் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே! அதை நான் முன்பே சொல்லியிருந்தேன். சேலை என்றால் ஒருத்திக்கு எத்தனை இருந்தாலும் இன்னொன்று வாங்குவாள் என்று அவள் பதில் சொல்லியிருந்தாள்.

நாள் முழுக்கச் சோர்ந்து உட்கார்ந்திருந்தவள், மறுநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். படியில் அந்தம்மா. அவருக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட்காரரின் அம்மா, வெல்டர் மனைவி, கேன்டீன் மாஸ்டரின் அக்காவும் தங்கையும். எல்லார் கையிலும் வெற்றிலைத் தட்டு.

"இவங்களுக்கும் ஆரம்பிச்சி வைக்கணும் கண்ணு," என்றார் அந்தம்மா. "மொதல்ல ஹாரன் சொல்லிக்குடு. மத்ததெல்லாம் அப்பறம்."